தாளின் மற்றப் பக்கம்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
12 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நிரஞ்சனியும் மகள் அஜந்தாவும் இருக்கிறபடி இருக்கிறோம். நீங்கள் எப்படி? கொக்குவிலில் மழை பிடித்துவிட்டதா? போன கிழமை உங்கள் பக்கத்து வீட்டுச் சிசிலி அக்காவின் போனில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நான் கத்தக் கத்த நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். போரில் ஷெல்லடிக்குப் பறிகொடுத்த காது கனடாப் போனுக்கு மட்டும் திறக்குமா? அதனால் பழையபடி பேனையை எடுத்துவிட்டேன்.

புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. செப்டெம்பரில் இருந்து தொடை இரண்டும் நோகின்றன. எங்கள் வீடு மூன்றாம் மாடி, படி வெளியால் இரும்பில் வளைந்து ஏறுகிறது. "அப்பா, ஏன் ஒவ்வொரு படியிலயும் நிண்டு யோசிக்கிறியள்?" என்று அஜந்தா கேட்கிறாள். பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுகளை அடுக்கும்போது கை நடுங்குகிறது. மேற்பார்வையாளன் ஒருமாதிரிப் பார்க்கிறான். டொக்டரிடம் சொல்லவில்லை. அவருக்கு எனக்கென்று இருப்பது ஏழு நிமிடம். 'சவா?' என்று சுகம் கேட்பார். நானும் 'சவா' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஐம்பத்தாறு வயதில் கால் நோகிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முன்பக்கம் முடிந்துவிட்டது. தாளைத் திருப்பிவிட்டேன்.

போன வருடம் அங்கே மருந்தே இல்லாமல் போனபோது என் கொழுப்புக் குளிசையில் பாதியை உங்களுக்கு அனுப்பத் தொடங்கினேன் அல்லவா? ஒருநாள் எனக்கு, ஒருநாள் உங்களுக்கு. அதில் ஒரு பகிடி. என் இரத்தத்தில் கொழுப்பு இறங்கவேயில்லை. ஏன் என்று டொக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓகஸ்டில் குளிசையின் வலுவை இரண்டு மடங்காக்கிவிட்டார். மாரடைப்பு வரும் என்று வெருட்டியதால் இப்போது நாள் தவறாமல் போடுகிறேன். உங்களுக்கும் குறை வைக்கவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று மருந்துக்கடையில் பொய் சொல்லி, மூன்று மாதத்துக்கான குளிசையை மேலதிகமாக எடுத்துவிட்டேன். ஊருக்கு வரும் வலன்ரைன் அண்ணை இந்தக் கடிதத்தோடு அந்தப் பெட்டியையும் தருவார். நல்ல வலுவான சாமான். நாளுக்கு ஒன்று.

உடம்பைப் பாருங்கள்.
தம்பி இரவிச்சந்திரன்


கொக்குவில்
27 டிசம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

கடிதமும் பெட்டியும் வலன்ரைனின் கையால் கிடைத்தன. பெட்டியைப் பற்றி அவர் நாலுதரம் கத்தினார். எனக்கு மீசை ஆடியதுதான் தெரிந்தது. நான் சுகம். நீயும் மச்சாளும் பிள்ளையும் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும்.

இனி அனுப்பாதே. கிளினிக்கில் இப்போது மாதாமாதம் குளிசை தருகிறார்கள். வரிசையில் நின்று, பெயர் கூப்பிடுவது கேட்காமல், கடைசி ஆளாக வாங்கி வருகிறேன். என்றாலும் தருகிறார்கள். நீ அனுப்பியதையும் எறிய மாட்டேன், பயப்படாதே. கனடா மருந்தைக் குப்பையில் போட மனம் வராது.

கால் நோவென்றால் டொக்டரிடம் வாயைத் திறந்து சொல். சின்ன வயதில் உனக்கு வெட்கம் என்ற ஒன்றே இருந்ததில்லை. இப்போது எந்தக் கடையில் வாங்கினாய்?

அக்கா சிவநேசம்


மொன்றியல்
17 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் வாசித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

பெப்ரவரி ஆறாம் தேதி தொழிற்சாலையில் விழுந்தேன். விழுந்தது பெரிதல்ல, எழும்ப முடியவில்லை. அதற்கு மூன்று நாள் முன்னமே சலம் கழிக்கும்போது பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனது. வீட்டில் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர்ப் பிள்ளை இரத்தத்தைப் பார்த்துவிட்டு, தசைகள் கரைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிட்டன என்றாள். என்ன மருந்து எடுக்கிறீர்கள், எப்போதிருந்து, எவ்வளவு என்று உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவள்தான். கொழுப்புக் குளிசையை அன்றே நிறுத்தினார்கள். நாலு கிழமை படுக்கை. இயந்திரத்தில் விட்டு இரத்தம் சுத்தம் செய்தார்கள். சிறுநீரகம் தப்பிவிட்டது. தொடைத் தசை முழுதாகத் திரும்பாதாம். இப்போது தடியோடு நடக்கிறேன். எங்கள் இரும்புப் படி ஏற அரை மணி நேரம்.

பதினெட்டு வருடம் வேலை செய்த தொழிற்சாலை இரண்டே கிழமையில் என் இடத்துக்கு வேறொருவனைப் போட்டுவிட்டது. பூச்செண்டு ஒன்று அனுப்பினார்கள். அதில் என் பெயர் பிழை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அஜந்தா விரித்து வாசித்தாள். தசை பற்றி ஒரு வரி இருக்கிறது. நாற்பது வரிக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி. மாவும் வியர்வையுமாக வேலை முடிந்து வருகிறவன் அதை வாசித்திருக்க வேண்டுமாம்.

நிரஞ்சனி சிசிலி அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டாள். என்றாலும் என் கையாலும் எழுதுகிறேன். அந்தக் குளிசையை நிறுத்துங்கள். உடம்பில் எங்காவது நோ இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள்.

இரவி


கொக்குவில்
20 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். நாலாவது தரம் வாசிக்க முடியவில்லை. நீ எழும்பி நடக்கிறாய் என்பதே இப்போதைக்குப் போதும்.

உன் பெட்டி பெப்ரவரியிலேயே முடிந்தது. கிளினிக் குளிசையையும் நிறுத்திவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. அங்கே இருந்துகொண்டு என்னைப் பற்றி யோசிக்காதே.

வருடப்பிறப்புக்குக் கோயிலுக்குப் போகவில்லை. வெயில் கடுமை. கிணற்றில் அள்ளுவதையும் விட்டுவிட்டேன். சிசிலி தன் வீட்டுக் குழாயில் பிடித்துக் கொண்டுவந்து வைக்கிறாள். வயது போகப் போகச் சோம்பலும் வரும்தானே. எழுத்து கோணலாக இருந்தால் பேனையின் பிழை.

மச்சாளுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.
அக்கா


மொன்றியல்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதத் தொடங்கினால் இன்றைக்குச் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். போன ஞாயிறு போனில் பார்த்தபோது தலையில் துவாய் சுற்றியிருந்தீர்கள். முழுகினீர்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெற்றோ நிலையத்தில் ஒட்டியிருந்த அறிவித்தல் ஒன்றை அஜந்தா படம் எடுத்து வந்தாள். கொழுப்புக் குளிசையால் தசை கெட்டவர்களுக்குச் சட்ட உதவியாம், வென்றால் மட்டுமே கட்டணமாம். போனோம். வக்கீல் அனுசூயா என்ற பிள்ளை, சென்னைப் பக்கம். "உட்காருங்க சார்" என்றார். இந்த ஊரில் என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள்.

கம்பெனி தெரிந்துகொண்டே சரியாக எச்சரிக்கவில்லை என்பதுதான் வழக்கு. என்னைப் போல நூற்றெழுபது பேர் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோருக்காகவும் ஒருவர் முன்னுக்கு நிற்க வேண்டுமாம். என் நிலைமை எல்லாரையும்விடத் தெளிவு என்றார். ஒரு தடைதான். டொக்டரின் கோப்பில் ஒவ்வொரு தடவையும் 'முறைப்பாடு இல்லை' என்று எழுதியிருக்கிறது. நான் சொன்ன 'சவா' எல்லாம் அங்கே அச்சில் இருக்கிறது.

"வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு காட்ட ஒரு காகிதம் வேணும் சார். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி தேதி போட்டது. டைரி, கடிதம், எதுவானாலும் சரி."

நான் உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன், நவம்பர் கடிதத்தில்.

அவர் தந்த படிவத்தில் ஒரு கேள்வி: 'இந்த மருந்தை உங்களைத் தவிர வேறு யாராவது எடுத்தார்களா?' இது எதற்கு என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "கம்பெனி வக்கீல் முதல்ல அங்கதான் சார் கடிப்பான். மருந்தைப் பங்கு போட்டீங்கன்னு தெரிஞ்சா, டோஸ் ஏறினதுக்கு நீங்கதான் காரணம்னு முடிச்சுடுவான்." நான் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அஜந்தா வேறு இருக்கையில் போய் இருந்தாள்.

அக்கா, அந்தக் கடிதத்தின் முன்பக்கத்தில் கால் நோவு இருக்கிறது. மற்றப் பக்கத்தில் குளிசை இருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் போட்டோப்பிரதி எடுத்து அனுப்புங்கள். மற்றப் பக்கம் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. நூற்றெழுபது பேருடைய காரியம்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
இரவி


மொன்றியல்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? ஏழு கிழமையாகப் பதில் இல்லை. போனில் சிசிலி அக்காவிடம் கேட்டால் "அக்கா தேடுறா" என்கிறார். பிஸ்கற் ரின்னுக்குள் கடிதங்களை வருடவாரியாக அடுக்கி வைக்கிறவர் ஏன் தேட வேண்டும்?

கோபமென்றால் கோபம் என்று எழுதுங்கள். நான் செய்யச் சொன்னது நேர்மையில்லைதான். நேர்மையாக நடந்த கம்பெனி ஒன்றோடு நான் வழக்காடவில்லையே. வக்கீல் பிள்ளை மூன்றுதரம் கேட்டுவிட்டார். இந்த மாதம் காகிதம் வராவிட்டால் வேறு ஆளை முன்னுக்கு நிறுத்துவார்.

தம்பி


கொக்குவில்
19 ஓகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

கண் புகைச்சலாக இருப்பதால் நான் சொல்லச் சிசிலி எழுதுகிறாள். வேறு வருத்தம் ஒன்றுமில்லை. பிரதி இதற்குள் இருக்கிறது, முன்பக்கம் மட்டும்.

கோபம் இல்லை. ரின் அலுமாரிக்கு மேல் இருந்தது. எடுக்கப் பிந்திவிட்டது.

மற்றப் பக்கம் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தில் நீ என்ன கொலையா எழுதினாய்? அக்காவுக்கு மருந்து அனுப்பினேன் என்றுதானே எழுதியிருக்கிறாய். ஆனாலும் உன் வழக்கு எனக்கு விளங்குகிறது. நான் அந்தக் குளிசையைப் போடவேயில்லை என்று வைத்துக்கொள். பெட்டி வந்து சேரவேயில்லை என்று வைத்துக்கொள். உனக்கு எது வசதியோ அது.

வென்று வா.
அக்கா


மொன்றியல்
15 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கண் எப்படி இருக்கிறது? குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள்.

பிரதியைப் பார்த்ததும் அனுசூயா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "இது போதும் சார், இது தங்கம்" என்றார். மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, கோப்பில் வைத்தாயிற்று. நான்தான் முன்னுக்கு நிற்கிறேன். லவாலில் ஒரு மண்டபத்தில் மற்றவர்களைச் சந்தித்தேன். கூரை வேய்கிற பிரெஞ்சுக்காரன், ஹெயிற்றிப் பெண் ஒருத்தி, சக்கர நாற்காலியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். விழுந்த நாளில் இருந்து என்னை ஒரு மனிதனாக யாரும் பார்க்கவில்லை அக்கா. அன்றைக்குப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். டிசம்பரில் சத்தியக் கடதாசியில் கையெழுத்து. வழக்கின் முதல் பக்கத்தை அஜந்தா வாசித்துக் காட்டினாள். 'கியூபெக் மாகாணத்தில் வசிக்கும் சகல ஆட்களும்' என்று தொடங்குகிறது. அதை வாசித்துவிட்டு அவள் உங்களை நினைத்துக் கேட்டாள்: "அப்ப மாமி?" மாமிக்கு ஒன்றும் இல்லைத்தானே, அவவே எழுதியிருக்கிறா என்றேன்.

ஒன்றும் இல்லைத்தானே அக்கா?

இரவி


கொக்குவில்
22 ஒக்ரோபர் 2024

இரவித் தம்பிக்கு சிசிலி எழுதுவது. ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

போன கடிதத்தில் கண் புகைச்சல் என்று எழுதினேன். அது பொய். என் கையால் எழுதிய பொய் என்பதால் நானே திருத்துகிறேன். அக்காவுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

ஜனவரியில் இருந்து அவவால் கதிரையில் இருந்து எழும்ப ஏலாது. வாதம் என்று சொன்னா. மார்ச்சுக்குப் பிறகு கை தோளுக்கு மேல் உயரவில்லை. தலை வாரி இழுக்க முடியாமல் முடியைக் கட்டையாக வெட்டிவிடச் சொன்னா. நீங்கள் போனில் கண்ட துவாய் அதை மறைக்கத்தான். ரின் அலுமாரிக்கு மேல் இருந்தது. என்னை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பேன் என்று, ஆறு கிழமையாக அதற்குக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. ஒருநாள் வீடு கூட்டும் தும்புத்தடியால் தட்டி விழுத்தப் பார்த்தபோதுதான் கண்டேன்.

பெரிய டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்கு வந்ததேதான். உங்கள் குளிசையும் கிளினிக் குளிசையும் ஒரே சாதி. டிசம்பரில் இருந்து பெப்ரவரி வரை இரண்டையும் ஒரே தம்ளர் தண்ணீரில் விழுங்கியிருக்கிறா. ஏன் என்று கேட்டதற்கு, "கனடாக் குளிசை வீணாப் போகக்கூடாதெண்டுதான்" என்றா. கை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காலில் இன்னும் பலம் இல்லை. சுவரைப் பிடித்து நடக்கிறா.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவைக் காட்டச் சொல்வீர்கள், அவ சிரிப்பா, நீங்கள் நம்பிவிடுவீர்கள். இவ்வளவு நாளும் அதுதானே நடந்தது.

பிரதி எடுக்கப் போனது நான்தான். கடைக்காரன் இரண்டு பக்கமுமா என்று கேட்டான். ஒரு பக்கம் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் மற்றப் பக்கத்தை வாசித்தேன். முழுத்தாளையும் இதற்குள் வைத்திருக்கிறேன். இனி உங்கள் மனச்சாட்சி.

சிசிலி


மொன்றியல்
16 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை. போனில் உங்கள் முடி வெட்டிய தலையைப் பார்த்தேன். நான் அழுததை நிரஞ்சனி மறைத்துக்கொண்டு நின்றாள். நீங்கள் கண்டுவிட்டீர்கள் என்று தெரியும்.

சிசிலி அக்காவின் கடிதம் இங்கே தபால்காரர்களின் வேலைநிறுத்தத்தில் அகப்பட்டு, ஜனவரி எட்டாம் தேதிதான் வந்தது. டிசம்பர் மூன்றாம் தேதி நான் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டேன். தபால்காரர்களில் பிழை இல்லை. மற்றப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று எனக்கு எந்தத் தபாலும் சொல்லத் தேவையில்லை. எழுதினவன் நான்.

அடுத்த நாளே அஜந்தாவோடு போனேன். தாளை மேசையில் வைத்தேன். அனுசூயா முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பினார். கன நேரம் வாசித்தார்.

"இதை நீங்க எனக்குக் காட்டாமலே இருந்திருக்கலாம் சார்."

"ஓம். இருந்திருக்கலாம்."

சத்தியக் கடதாசி இன்னும் நீதிமன்றத்துக்குப் போகவில்லையாம். மாதக் கடைசியில் போக இருந்ததாம். இனி என்னை முன்னுக்கு நிறுத்த முடியாது, அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரை நிறுத்துவார். உண்மையை எழுதிக் கொடுத்தால் நூற்றெழுபதில் ஒருவனாக இருக்கலாம். கிடைப்பது குறையும், கிடைக்காமலும் போகலாம். கோபமாகத்தான் சொன்னார். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

"அக்காவுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்க இந்த வழக்குல இல்ல சார். கியூபெக்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்."

"குளிசை இங்கயிருந்துதானே போனது."

"குளிசை போச்சு. சட்டம் போகல."

ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே வருத்தம். முகவரியைப் பார்த்துத்தான் நோவு நோவா என்று முடிவெடுக்கிறார்கள். அங்கே கிளினிக் வரிசையில் கடைசியாக நிற்கிறவர்கள் எந்த வழக்கின் முதல் பக்கத்திலும் இல்லை. நானும் அப்படித்தான் நடந்திருக்கிறேன் அக்கா. நீங்கள் இல்லை என்று புள்ளடி போட்டவன் நான்.

புதுப் படிவம் தந்தார்கள். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று போட்டேன். விவரம் எழுத ஒரேயொரு வரிதான் விட்டிருந்தார்கள். தாளைத் திருப்பி, மற்றப் பக்கத்தில் நான் சொல்லச் சொல்ல அஜந்தா பிரெஞ்சில் எழுதினாள். சிவநேசம், வயது அறுபத்தேழு, கொக்குவில், யாழ்ப்பாணம். எத்தனை குளிசை, எந்தக் குளிசையோடு, எந்த மாதம் எழும்ப முடியாமல் போனது, எந்த மாதம் கை உயராமல் போனது. தலைமுடி வெட்டியதையும் எழுதச் சொன்னேன். பக்கம் நிரம்பியது.

"பின்பக்கத்துல எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க சார்" என்றார் அனுசூயா.

"நீங்கள் வாசிச்சனீங்கள்தானே" என்றேன்.

அவர் தாளைக் கோப்பில் வைத்தார். வீட்டுக்கு வரும்போது அஜந்தா பஸ்ஸில் என் தடியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் அந்தக் குளிசையைப் போடவேயில்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். வைத்துக்கொள்ள மாட்டேன்.

இரவி


கொக்குவில்
20 பெப்ரவரி 2025

தம்பி,

இதை நானே எழுதுகிறேன். இரண்டு நாள் எடுத்தது. ஆகவே கவனமாக வாசி.

என் சுகம் இப்போது உனக்கே தெரியும், கேட்காதே. கையில் வந்த வழக்கைக் கெடுத்துவிட்டாய். சிசிலியோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

உன் கடிதத்தில் கொக்குவில், யாழ்ப்பாணம் என்று மட்டும் இருக்கிறது. அந்தத் தாளில் வீட்டு இலக்கம் போட்டாயா? போடாவிட்டால் போய்ப் போடு. எங்கள் தபால்காரன் புதிது. அந்த வக்கீல் பிள்ளைக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுதிக் கேட்கச் சொல். போன் வேண்டாம், எனக்குக் காது கேளாது. பதில் பிந்தும். ஆனால் எழுதுவேன்.

அக்கா சிவநேசம்